ரயில் போன பாதைக்கு யார் பணம் கொடுப்பது?

1986 அக்டோபர் முதல் வாரத்தில் மிசௌரி ஆறு கரைபுரண்டது. அமெரிக்காவின் நடுப்பகுதியில், ஆற்றை ஒட்டியே வளைந்து வளைந்து போன பழைய ரயில் பாதை ஒன்றை வெள்ளம் பல இடங்களில் அரித்துத் தள்ளியது. மிசௌரி–கான்சஸ்–டெக்சஸ் ரயில் கம்பெனிக்குச் சொந்தமான தடம் அது. அந்தப் பக்கத்து மக்கள் ‘கேட்டி’ என்று செல்லமாகச் சொல்வார்கள். சரக்கு வரத்து முன்பே குறைந்துபோயிருந்தது. சரிசெய்து மறுபடி வண்டி விட்டால் கட்டுப்படியாகாது என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. செடேலியா என்ற ஊரிலிருந்து செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள மேக்கன்ஸ் வரை, ஏறக்குறைய 320 கிலோமீட்டருக்கு ரயில் நின்றது.

இன்று அதே தடத்தில் மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் மிதிக்கிறார்கள். பிற்பாடு மேற்கே கிளிண்டன் வரை நீண்டு, மொத்தம் 386 கிலோமீட்டர் ஆகிவிட்டது. அமெரிக்கா முழுக்க இப்படி ரயில் போய் நடைபாதையாக மாறிய தடங்களைக் கூட்டினால் 40,000 கிலோமீட்டரைத் தாண்டும். பூமியைச் சுற்றி வரும் நீளம். இதற்கெல்லாம் யார் பணம் போட்டார்கள்? அரசாங்கம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. ஒரு பங்குத் தரகரின் சொந்தப் பணம், பெட்ரோல் வரி, மின்கம்பிக்கு வந்த வாடகை, ஒரு நீர்த்தேக்கம் உடைந்ததற்கான நஷ்டஈடு என்று எதிர்பாராத வாசல்கள் வழியாகவெல்லாம் பணம் வந்திருக்கிறது. ஆனால் இவற்றைவிடப் பெரிய செலவு ஒன்றை நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே யாரோ செய்து முடித்திருந்தார்கள். பாதையைச் சமன்படுத்திய அந்த மண்வேலையிலிருந்துதான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டும்.

எஃகுத் தண்டவாளத்தின் மேல் எஃகுச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகமிகக் குறைவு. சமதரையில் 1,000 டன் எடையுள்ள ஒரு சரக்கு வண்டியை ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டு போக, சுமார் 2 டன் எடைக்குச் சமமான இழுவிசை போதும். இதே சுமையை லாரிகளில் ஏற்றினால் டயர் எடுத்துக்கொள்ளும் விசை பல மடங்கு. ரயிலின் வெற்றி முழுவதும் இந்த வழுக்கலில்தான் இருக்கிறது.

அதன் பலவீனமும் அதே வழுக்கல்தான். பாதை 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறினால் போதும்: 1,000 டன் வண்டியைப் புவியீர்ப்பு 10 டன் விசையோடு பின்னால் இழுக்கும். 2 டன்னில் நடந்த வேலைக்கு இப்போது 12 டன் வேண்டும். கண்ணுக்கே தெரியாத ஏற்றம், இழுவை ஆறு மடங்கு. அதற்கு மேல் ஏற்றினால் என்ஜினுக்கு வலு இருந்தாலும் சக்கரம் பிடிமானமில்லாமல் நின்ற இடத்திலேயே சுழலும். அதனால்தான் என்ஜின்களில் மணல் பெட்டி வைத்து, சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கல்லாற்றிலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி ரயில் 12-க்கு 1 என்ற ஏற்றத்தைச் சமாளிக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் போட்டு, பல்சக்கரத்தால் பற்றிப் பற்றி ஏறுகிறது. அப்படிப்பட்ட துணை இல்லாத சாதாரண ரயிலுக்கு 50-க்கு 1 என்பதே கடும் ஏற்றம். 100-க்கு 1, அதற்கும் கீழே என்றுதான் பாதை போடுகிறவர்கள் தேடுவார்கள்.

ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் மலையைக் கண்டால் குடைந்தார்கள், மேட்டைக் கண்டால் வெட்டினார்கள், பள்ளத்தைக் கண்டால் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பினார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய்–ஸ்பார்ட்டா தடத்தில் மூன்று குகைப்பாதைகள் இருக்கின்றன. 1873-இல் ரயில் வந்த அந்தத் தடத்தின் மிக நீண்ட குகை 1,161 மீட்டர். உள்ளே கசியும் தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து பாறையைப் பிளந்துவிடும் என்பதால் வாசலில் பிரம்மாண்டமான மரக்கதவுகள் போட்டிருந்தார்கள். வண்டி வரும்போது கதவைத் திறக்கவும் போன பிறகு மூடவும் ஆள் காவல் இருந்தார். இன்றும் அந்தக் கதவுகளைப் பனிக்காலம் முழுவதும் மூடித்தான் வைக்கிறார்கள். காரணமும் அதே உறைபனி.

ரயிலுக்காகச் செய்த இந்தச் சமன்படுத்தல் மனிதக் கால்களுக்கு எப்படி உதவுகிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100-க்கு 1 ஏற்றத்தில், ஏறுவதற்காக மட்டும் செலவாகும் திறன் 37 வாட். 100-க்கு 5 என்ற சாதாரண மலைச்சாலை ஏற்றத்தில் அது 184 வாட். பயிற்சி இல்லாத ஒருவரால் நெடுநேரம் தொடர்ந்து தரக்கூடியது 75 முதல் 100 வாட் வரைதான். அதனால் பழைய ரயில் பாதையில் பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒன்றாகப் போக முடிகிறது. சக்கர நாற்காலிக்கும் இது பொருந்தும். அமெரிக்க விதிகளின்படி 20-க்கு 1-ஐத் தாண்டினால்தான் நடைபாதை ‘சாய்தளம்’ என்று கணக்காகும், கைப்பிடி முதலான கூடுதல் ஏற்பாடுகள் வேண்டும். ரயில் பாதை அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது. மலை நாட்டில் இப்படி ஒரு நடைபாதையைப் புதிதாக வெட்ட எந்த ஊராட்சியும் கனவிலும் நினைக்காது. அந்தச் செலவைச் செய்தவர்கள் நடைக்காகச் செய்யவில்லை. ஆனால் பலன் நடப்பவர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பாலங்களும் அப்படியே. ஒரு என்ஜினின் ஓர் அச்சு மட்டும் பல டன் எடையைப் பாலத்தின் மேல் இறக்கும். அந்தச் சுமைக்காகக் கட்டிய இரும்புப் பாலத்துக்குச் சைக்கிள் கூட்டம் ஒரு பொருட்டே இல்லை. சிலிப்பர் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி தெரியாமல் பலகை அடிக்க வேண்டும், இருபுறமும் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும். அந்த வேலையும் மலிவில்லைதான். ஆனாலும் ஆற்றுக்குள் புதிதாகத் தூண் இறக்குவதோடு அதை ஒப்பிடவே முடியாது.

ரயில் நின்ற தடத்தில் முதலில் காணாமல் போவது தண்டவாளம். மீட்டருக்கு 50 கிலோ எடையுள்ள தண்டவாளம் என்றால், இரண்டு வரிசையும் சேர்ந்து கிலோமீட்டருக்கு 100 டன் எஃகு. அதைக் கழற்றி விற்காமல் எந்தக் கம்பெனியும் போகாது. அடுத்து சிலிப்பர் கட்டைகள் போகும். மிச்சம் இருப்பது ஜல்லி, மண்கரை, மதகுகள், பாலங்கள். விற்றால் காசு தேறாத, ஆனால் மறுபடி செய்யவே முடியாத பொருட்கள் இவைதான்.

இவற்றிலும் கரையைவிட அருமையானது ஒன்று இருக்கிறது. தொடர்ச்சி. அமெரிக்காவில் ரயில் பாதைக்கான நிலம் பெரும்பாலும் 30 மீட்டர் அகலப் பட்டை. நூற்றுக்கணக்கான பண்ணைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் அந்தப் பட்டையை அந்தக் காலத்தில் கம்பெனிகள் சில இடத்தில் கிரயம் வாங்கின, சில இடத்தில் அரசாங்கமே கொடுத்தது, பல இடத்தில் விவசாயி ரயில் போக வழிப்பாத்தியம் மட்டும் எழுதிக் கொடுத்தார். மண் அவருடையது, அதன் மேல் ரயில் விட்டுக்கொள்ளலாம். ரயில் நின்றால் பாத்தியம் தீர்ந்தது, நிலம் அந்தந்தப் பண்ணைக்கே திரும்பிவிடும். ஒரே தடத்தில் நூற்றுக்கணக்கான பத்திரங்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வாசகம்.

ஆக, ரயில் நின்ற மறுநாளே பட்டை துண்டாகத் தொடங்குகிறது. இங்கே ஒருவர் வேலி போடுவார், அங்கே ஒருவர் கரையை வெட்டிச் சோளம் விதைப்பார். 320 கிலோமீட்டரில் நடுவே 30 மீட்டர் போனாலும் ஒரு பாதை இரண்டு முட்டுச்சந்தாகிவிடும். நார் அறுந்தால் பூவுக்கு ஒன்றும் ஆவதில்லை, மாலைதான் இல்லாமல் போகிறது. போன தொடர்ச்சியைத் திரும்ப வாங்க நினைத்தால் நூற்றுக்கணக்கான வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். கடைசிக் கதவுக்காரர் என்ன விலை சொன்னாலும் கொடுக்க வேண்டியதுதான்.

அமெரிக்க ரயில் பாதைகளின் நீளம் 1916-இல் உச்சத்தில் இருந்தது: சுமார் 4,09,000 கிலோமீட்டர். பிறகு சாலைகளும் லாரிகளும் வந்தன. 1980-இல் ஸ்டாகர்ஸ் சட்டம் ரயில் கம்பெனிகளின் மேலிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் நஷ்டத் தடங்களைக் கைவிடுவது எளிதானது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மறைந்தது. நாளைக்கு ஒரு போர் வந்தால், எரிபொருள் தட்டுப்பாடு வந்தால், இந்தத் தடங்கள் மறுபடி தேவைப்படுமே என்ற கவலை நாடாளுமன்றத்துக்கு வந்தது. 1983-இல் தேசியத் தடங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். இந்தத் துறையில் இதுவரை தோன்றிய யோசனைகளில் மிகச் சாமர்த்தியமானது இதுதான் என்பேன்.

ஒரு தடத்தைக் கம்பெனி கைவிட விரும்பும்போது, ஓர் அரசுத் துறையோ பொது அமைப்போ முன்வந்து, ‘வரி, விபத்துப் பொறுப்பு, பராமரிப்பு எல்லாவற்றையும் நாங்கள் ஏற்கிறோம், இதை நடைபாதையாக வைத்துக்கொள்கிறோம், நாளைக்கு ரயில் வேண்டுமென்றால் திருப்பித் தருகிறோம்’ என்று எழுதிக் கொடுக்கலாம். கம்பெனியும் சம்மதித்தால், சட்டத்தின் கண்ணில் அந்தத் தடம் கைவிடப்படவே இல்லை. எதிர்கால ரயிலுக்காகச் சேமிப்பில் இருக்கிறது. பாத்தியம் தீரவில்லை, பட்டை துண்டாவதில்லை. ரயில் வங்கி என்றுதான் அதற்குப் பெயர். பேச்சுவார்த்தைக்கு முதலில் 180 நாள் கெடு இருந்தது, பிறகு அதை ஓராண்டாக்கிவிட்டார்கள். இப்படிச் சேமித்த தடங்களில் சில உண்மையிலேயே திரும்பவும் ரயிலுக்குப் போயிருக்கின்றன.

அந்தச் சட்டம் நடைபாதைக்குப் பணம் எதுவும் தரவில்லை. அவகாசம் தந்தது. பணம் எப்போதுமே தாமதமாகத்தான் வரும், நிலமோ உடனே சிதறும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஓட்டப்பந்தயத்தைப் பார்த்துத்தான் அந்தப் பிரிவை எழுதினார்கள்.

கேட்டி தடம் நின்றபோது மிசௌரி மாநிலத்தின் இயற்கை வளத் துறை இந்த வழியில் அதைக் கையில் எடுக்க நினைத்தது. ஆனால் வாங்கக் காசில்லை. மாநிலச் சட்டமன்றத்திலும் ஆர்வம் குறைவு. முன்வந்தவர் டெட் ஜோன்ஸ். எட்வர்ட் ஜோன்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தைச் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோனவர், தாமும் பண்ணை வீட்டில் வாழ்ந்தவர். எல்ராய்–ஸ்பார்ட்டா தடத்தில் சைக்கிளில் போய் வந்ததிலிருந்து இப்படி ஒன்று தம் மாநிலத்திலும் வேண்டும் என்ற ஆசை அவருக்கு. நிலத்துக்காக அவரும் அவர் மனைவி பாட் ஜோன்ஸும் கொடுத்தது 2 லட்சம் டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கிலோமீட்டருக்கு 625 டாலர், ஏக்கருக்கு 85 டாலர்கூட வரவில்லை. தொடர்ச்சி இன்னும் அறுபடாமல் இருந்த அந்தச் சில மாதங்களில் மட்டுமே சாத்தியமான விலை இது. பாதையை அமைக்க மேலும் 20 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 1990 ஏப்ரலில் ரோச்போர்ட் என்ற சிற்றூரில் முதல் பகுதி திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் டெட் ஜோன்ஸ் காலமானார்.

ரோச்போர்ட்டில் இந்தத் தடத்தின் ஒரே குகைப்பாதை இருக்கிறது, 1893-இல் குடைந்தது, 74 மீட்டர் நீளம். பக்கத்திலேயே ஆற்றங்கரைச் சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாக நிற்கின்றன. அதே சுண்ணாம்புக்கல்தான் பாதையின் மேற்பரப்பும். ஜல்லி உடைக்கும்போது விழும் தூளும் பொடிக்கற்களும் கலந்ததைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளையால் அழுத்தினால் தூள் கற்களின் இடுக்கில் புகுந்து இறுகி, மெலிந்த சிமெண்ட் போலப் பிடித்துக்கொள்ளும். தார்ச்சாலையில் ஒரு சிறு பங்குதான் செலவு. இந்த இறுகிய மேலடுக்குக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. ரயில் ஓடிய மண் சுத்தமான மண் அல்ல. சிலிப்பர் கட்டைகளில் ஊறிய கிரியோசோட் எண்ணெய், களைகளைக் கொல்லப் பல ஆண்டுகள் தெளித்த ஆர்சனிக் மருந்து, என்ஜின்கள் கொட்டிய நிலக்கரிச் சாம்பல் எல்லாம் அதில் கிடக்கும். மேலே மூடிவிடுவது பல இடங்களில் ஒப்புக்கொள்ளப்பட்ட தீர்வு. எனவே மண் பரிசோதனைக்கும் பட்ஜெட்டில் ஓர் இடம் ஒதுக்கியாக வேண்டும்.

பாதையோர விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. ‘ரயிலுக்கு எழுதிக் கொடுத்தார் எங்கள் தாத்தா, சைக்கிள்காரர்களுக்கு இல்லை’ என்று வழக்குப் போட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது, அதை மறைத்து எழுதுவது சரியல்ல. வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த பிரிசோ தம்பதி தொடுத்த வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு: ரயில் வங்கிச் சட்டம் செல்லும், ஆனால் நிலத்துக்குரியவர் மத்திய அரசிடம் இழப்பீடு கேட்கலாம். 2000-ஆம் ஆண்டில் கேட்டி தடத்து நிலக்காரர்கள் சிலரின் வழக்கிலும் இழப்பீட்டு உரிமை உறுதியானது. 2014-இல் வயோமிங் மாநிலத்து வழக்கு ஒன்றில், அரசு 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கொடுத்த ரயில் நிலமும் வெறும் வழிப்பாத்தியம்தான், தடம் கைவிடப்பட்டதும் அது தீர்ந்துவிடும் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ரயில் வங்கியில் சேராத தடங்களுக்கு அது பெரிய அடி. எந்த நடைபாதையின் செலவுக் கணக்கிலும் எழுதாத ஒரு வரி இந்த இழப்பீடு. கொடுப்பது மத்தியக் கருவூலம், அதாவது எல்லோரும். கொடுக்க வேண்டிய பணம்தான் அது.

எல்லாத் தடத்துக்கும் ஒரு டெட் ஜோன்ஸ் கிடைப்பாரா? கிடைக்க மாட்டார். நிலைமையை மாற்றியது 1991. நெடுஞ்சாலைக்கான பெட்ரோல் வரியை நெடுஞ்சாலைக்கே செலவழித்துப் பழகிய நாட்டில், அந்த ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் ஒரு முக்கியமான நிதித் தொகுப்பில் 10 சதவீதத்தைத் தனியே ஒதுக்கி வைக்கச் சொன்னது. நியூயார்க் செனட்டர் மொய்னிஹான் முன்னின்று கொண்டுவந்த சட்டம். எதற்கெல்லாம் அந்தப் பணத்தைச் செலவிடலாம் என்ற பட்டியலில் கைவிடப்பட்ட ரயில் தடங்களைக் காப்பதும் நடைபாதை, சைக்கிள் பாதையாக மாற்றுவதும் வெளிப்படையாகவே இருந்தன. பெயரும் விகிதமும் பிறகு பலமுறை மாறிவிட்டன. வாசல் மட்டும் மூடவில்லை.

அதே ஆண்டு இன்னொரு நிதியும் பிறந்தது. அதன் தர்க்கம் எனக்கு மிகவும் பிடித்தது. காட்டுப் பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் பனிவண்டி ஓட்டுகிறவர்களும் வாங்கும் எரிபொருளுக்கும் வரி கட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் நெடுஞ்சாலையைத் தொடுவதே இல்லை. ஆகவே அந்த வரி பாதைகளுக்கே திரும்ப வேண்டும் என்றார் ஐடஹோ செனட்டர் சிம்ஸ். வரும் பணத்தில் 30 சதவீதம் மோட்டார் வண்டிப் பாதைகளுக்கு, 30 சதவீதம் நடை, சைக்கிள், குதிரைப் பாதைகளுக்கு, மீதி 40 சதவீதம் பலரும் பகிர்ந்துகொள்ளும் பாதைகளுக்கு. வழக்கமாக ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளும் இரண்டு கூட்டங்கள் ஒரே நிதியைக் காக்க ஒன்றாக நிற்கின்றன.

இந்த மத்திய நிதிகளில் பெரும்பாலும் 80 சதவீதம்தான் கிடைக்கும், 20 சதவீதம் உள்ளூர் போட வேண்டும். அதைவிடக் கடினமான நிபந்தனை, பணம் முன்கூட்டி வராது என்பது. ஊர் முதலில் செலவு செய்து, ரசீது காட்டி, பிறகு திரும்பப் பெற வேண்டும். 800 பேர் வாழும் ஓர் ஊரை நினைத்துப் பாருங்கள். அதன் ஆண்டு வரவே ஒரு பாலத்துக்குப் பலகை போடும் செலவை எட்டாது. முழுத் தொகையையும் முதலில் புரட்டு என்றால் எங்கே போவது? வங்கிக் கடன், மாவட்டத்தின் கைமாற்று, உள்ளூர் அறக்கட்டளை என்று அலைய வேண்டும். தன்னார்வலர்கள் புதர் வெட்டிய மணிநேரத்தையும் கூலியாக மதிப்பிட்டு உள்ளூர்ப் பங்கில் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. சனிக்கிழமைதோறும் அரிவாளும் ரம்பமும் எடுத்துக்கொண்டு வருகிறவர்களின் வியர்வைக்கு அங்கே நிஜமாகவே டாலர் மதிப்பு இருக்கிறது. ஆனாலும் இந்த முறை ஏற்கெனவே வசதியுள்ள ஊருக்கே சாதகம். அதைத் திருத்தாமல் நிதியை மட்டும் கூட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சில தடங்கள் தாமே சம்பாதிக்கின்றன. வாஷிங்டனுக்குப் பக்கத்தில் வர்ஜீனியாவில் 72 கிலோமீட்டர் ஓடும் வாஷிங்டன்–ஓல்ட் டொமினியன் தடத்தில் 1968-இல் ரயில் நின்றது. நிலத்தை வாங்கியது மின்சாரக் கம்பெனி. ஊர்களை இணைக்கும் அறுபடாத பட்டை, உயரழுத்தக் கம்பி கொண்டுபோக அதைவிட வேறென்ன வேண்டும்? கம்பிக்கான உரிமையை வைத்துக்கொண்டு மேல்நிலத்தைப் பூங்கா ஆணையத்துக்கு விற்றது. பிறகு கண்ணாடியிழைத் தொலைத்தொடர்புக் கம்பிகள் மண்ணுக்கடியில் வந்தன, அவற்றிலிருந்து ஆணையத்துக்கு வருவாயும் வந்தது. மேலே குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் அதே பட்டையின் கீழே இணையம் ஓடுகிறது.

நியூயார்க்கின் ஹை லைன் இன்னும் விசித்திரம். 1934-இல் தெருவுக்கு மேலே தூண்களில் கட்டிய சரக்கு ரயில் பாதை, 1980-இல் கடைசி வண்டி. கீழே நிலம் வைத்திருந்தவர்கள் அதை இடித்துத் தள்ளச் சொன்னார்கள், அது இருக்கும்வரை மேலே கட்டடம் எழுப்ப முடியாதே. 2005-இல் மாநகரம் ஒரு வழி கண்டது. உங்கள் நிலத்துக்கு மேலே எழுப்பக்கூடிய மாடிகளின் உரிமையை அக்கம்பக்கத்து மனைக்காரர்களுக்கு விற்றுக்கொள்ளலாம் என்று மண்டல விதியைத் திருத்தியது. எதிர்ப்பு அடங்கியது. வெறும் காற்று விலைக்குப் போய் ஒரு பூங்காவைக் காப்பாற்றியது. முதல் இரண்டு பகுதிகளுக்கே 15 கோடி டாலர் ஆனது, மாநகரமும் நன்கொடையாளர்களும் கொடுத்தார்கள். ஆனால் மன்ஹாட்டனில் காற்றுக்குக் கிடைக்கும் விலை ரோச்போர்ட்டில் கிடைக்காது. ஹை லைனைப் பார்த்துவிட்டு எங்கள் ஊரிலும் அப்படியே செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

கட்டுவதற்குப் பணம் கேட்டால் நாடா வெட்ட வருகிறவர்கள் கொடுப்பார்கள். பராமரிப்புக்குக் கேட்டால் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. 1993-இல் மிசௌரி ஆறு மறுபடி பெருகியபோது அதுவரை திறந்திருந்த கேட்டி பாதையில் பாதிக்கும் மேல் சேதமானது. முதல் பகுதி திறந்து மூன்றே ஆண்டு. திரும்பக் கட்ட முடிந்ததென்றால், அதற்குப் பின்னால் அந்த மாநில மக்கள் 1984-இல் தாமே ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்ட ஒரு வரி இருக்கிறது. பொருள் வாங்கும் ஒவ்வொரு 10 டாலருக்கும் ஒரு சென்ட். பாதி மாநிலப் பூங்காக்களுக்கு, பாதி விவசாய மண்ணரிப்பைத் தடுக்க. நகரத்து நடைக்காரரையும் நாட்டுப்புற விவசாயியையும் ஒரே ஓட்டுச்சீட்டில் சேர்த்த ஏற்பாடு. அவ்வப்போது மக்களிடம் மறுபடி கேட்டு நீட்டிக்கிறார்கள், 2016-இல் ஐந்தில் நான்கு பேர் ஆம் என்றார்கள். மிசௌரி மாநிலப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வரி என்ற சொல்லுக்கே முகம் சுளிக்கும் மாநிலம் அது. அங்கே இது நடந்திருப்பதை நான் மிகுந்த மதிப்போடு பார்க்கிறேன்.

தொடர்ச்சிக்காக நடந்த இன்னொரு சண்டையும் அங்கேதான். பூன்வில் ஊரில் மிசௌரி ஆற்றின் மேல் 1932-இல் கட்டிய ரயில் பாலம், கப்பல் போக நடுப்பகுதி மட்டும் மின்தூக்கியைப் போல மேலே உயரும். அந்தப் பகுதி 124 மீட்டர் நீளம். நடைபாதை இந்தப் பாலத்தில் போகவே இல்லை, பக்கத்துச் சாலைப் பாலத்தில் ஆற்றைக் கடக்கிறது. பிறகு வந்த யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி இரும்பைக் கழற்றி வேறு பாலத்துக்குப் பயன்படுத்த நினைத்தபோது ஊரே எதிர்த்தது. உணர்ச்சி மட்டும் காரணமில்லை. ரயில் வங்கியின் அடிப்படையே ‘நாளைக்கு ரயில் வரலாம்’ என்பது. ஆற்றுப் பாலம் போய்விட்டால் ரயில் எப்படி வரும்? பிறகு இது சேமிப்பில்தான் இருக்கிறது என்று நீதிமன்றத்தில் எப்படி வாதாட முடியும்? யாரும் நடக்காத பாலத்தில்தான் முழுத் தடத்தின் சட்ட உயிரும் இருந்தது. 2010-இல் கம்பெனி பாலத்தை ஊருக்கே கொடுத்துவிட்டது. 2016-இல் ஒரு பகுதியை மக்கள் நடக்கத் திறந்தார்கள்.

இப்போது மிசௌரியில் இன்னொரு நீண்ட தடமும் வளர்கிறது. பழைய ராக் ஐலண்ட் ரயில் பாதை, கேட்டிக்குத் தெற்கே மாநிலத்தைக் குறுக்கே கடப்பது, 1999 முதல் அமெரென் என்ற மின்சாரக் கம்பெனியின் கையில் இருந்தது. 2005 டிசம்பர் 14 அதிகாலையில் அதே கம்பெனியின் டாம் சாக் மலையுச்சி நீர்த்தேக்கம் உடைந்து, 100 கோடி காலனுக்கு மேல் தண்ணீர் அரை மணிக்குள் கீழே இருந்த மாநிலப் பூங்காவை அடித்துக்கொண்டு போனது. பூங்கா மேற்பார்வையாளரின் குடும்பமே வெள்ளத்தில் போய், அதிசயமாக எல்லோரும் பிழைத்தார்கள். மாநிலத்துக்கும் கம்பெனிக்கும் ஏற்பட்ட நஷ்டஈட்டு உடன்பாட்டில் ராக் ஐலண்ட் தடத்தின் ஒரு பகுதியும் அதை அமைக்க 1 கோடியே 80 லட்சம் டாலரும் சேர்ந்தன. கான்சஸ் சிட்டிக்குத் தென்கிழக்கே பிளசன்ட் ஹில்லில் இருந்து வின்ட்சர் வரை 75 கிலோமீட்டர் 2016 டிசம்பரில் திறந்தது. வின்ட்சரில் அது கேட்டியைச் சந்திக்கிறது.

வின்ட்சருக்குக் கிழக்கே மேலும் 230 கிலோமீட்டரை அமெரென் நன்கொடையாகக் கொடுக்க, 2021 டிசம்பரில் மாநிலம் ஏற்றுக்கொண்டது. அதுவும் கட்டி முடிந்தால் இரண்டு தடங்களும் சேர்ந்து மாநிலத்துக்குள் ஏறக்குறைய 700 கிலோமீட்டர் பாதை கிடைக்கும். 2022-இல் ஆளுநர் இதற்காக 6 கோடியே 90 லட்சம் டாலர் மத்திய நிதியை வரவுசெலவுத் திட்டத்தில் வைத்தார். சட்டமன்றம் எடுத்துவிட்டது. ஓசேஜ், காஸ்கனேட் ஆறுகளின் மேல் பழைய பாலங்கள் நிற்கின்றன. குகைப்பாதைகள் இருக்கின்றன. பட்டை அறுபடாமல் மாநிலத்தின் பேரில் பதிவாகியிருக்கிறது. தடத்தோரச் சிற்றூர்கள் சில, தம் எல்லைக்குள் வரும் ஒன்றிரண்டு கிலோமீட்டரை மட்டும் தாமே மானியம் தேடியும் நன்கொடை திரட்டியும் போட்டு வருகின்றன. அடுத்த ஊரின் துண்டோடு அது இன்னும் சேரவில்லை.